பார்த்துக் கொடுத்த மருந்தும் பாராமல் வந்த மருந்தும்



புதுவையிலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் பிள்ளைச்சாவடி என்னும் சிற்றூரைக் கடந்து செல்வர். ஒருபுறம் மீனவர் குடியிருப்பும் அதனை அடுத்துக் கடலும் இருக்கின்றன. மறுபுறம், பொறியியல் கல்லூரியாக இருந்து 2020 இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கல்விக்கூடம் இருக்கின்றது. ஆதலின் இவ்வூரில் வாடகைக்கு வீடெடுத்துத் தங்கிப் பயிலும் மாணவர் பலர். அவர்களுள் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், கூடையொன்றை மார்போடு அணைத்தவாறு என் மருத்துவ அறைக்குள் ஓடிவந்தார்.

கூடையினுள் ஒரு சாம்பல் நிறப் பூனை. அதன் உடல் முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. காதுகளும் தோலும் இடைவிடாது துடித்தன. தொட்டால் உடல் அனலாகச் சுட்டது. "என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன். "ஒன்றும் கொடுக்கவில்லை ஐயா, சொறிந்துகொண்டே இருந்தது; உண்ணி மருந்து முதுகில் விட்டேன்" என்றார். மருந்துக் குப்பியையும் கையோடு கொணர்ந்திருந்தார். அவர் செய்த செயல்களுள் மிக நல்லது அதுவே. அக்குப்பியே பூனையின் உயிரைக் காத்தது எனலாம். கைப்பேசியில் விலை பார்த்து, இணையத்தின் வழியே வரவழைத்த மருந்து அது. நாய்க்கென்று செய்யப்பட்டது. உள்ளிருந்த பொருள் பெர்மெத்ரின். பூனைக்கு உதவாது என்னும் எச்சரிக்கை குப்பியின் பக்கவாட்டில் எறும்பு ஊர்ந்தாற்போன்ற சிற்றெழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

நாய்க்கு நன்மை செய்யும் மருந்து பூனைக்கு நஞ்சாவது ஏன்? இதனை மாணவர்கள் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டும். உடலுக்குள் புகும் வேண்டாத பொருள் பலவற்றை ஈரல், குளுகுரோனிக் அமிலம் என்னும் ஒன்றோடு பிணைத்து, நீரில் கரையும்படி மாற்றி, வெளியே அனுப்புகின்றது. மனிதனின் ஈரலும் நாயின் ஈரலும் இவ்வேலையை நன்கு செய்கின்றன. பூனையின் ஈரலிலோ இதற்குரிய நொதிகள் மிகக் குறைவு. தலைமுறை தலைமுறையாக ஊனையே உண்டு வாழ்ந்த இனமாதலால், செடிகொடிகளில் உள்ள நஞ்சுகளை முறிக்கும் ஆற்றல் அதற்கு வேண்டாததாயிற்று என்று அறிஞர் கருதுகின்றனர். எனவே, நாயின் உடல் விரைவில் சிதைத்து வெளியேற்றிவிடும் பொருள் பூனையின் உடலில் தங்கி நரம்புகளைத் தாக்குகின்றது. நாம் தலைவலிக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையும் இத்தகையதே. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும். குருதியின் செந்நிறப் பொருள் கெட்டு உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழக்க, ஈறுகள் பழுப்பு நிறமாகிவிடும். "சிறிய உயிர்தானே, கால் மாத்திரை போதும்" என்று அன்போடு கொடுத்துக் கொன்றவர்களை நான் கண்டிருக்கிறேன். எடையைக் கொண்டு அளவைக் குறைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவதுதான் இங்கு நேரும் பிழை. பூனை என்பது சிறிய நாயன்று. நாய் என்பது சிறிய மனிதனுமன்று.

இனி, மருத்துவனாகிய நான் "மருத்துவரிடம் செல்லுங்கள்" என்று வானொலியில் பேசுவது, மிட்டாய்க்காரர் இனிப்பின் பெருமையைப் பேசுவது போன்றதாகும் என்று சிலர் நகைக்கலாம். நகைப்பதில் நியாயமும் உண்டு. விலங்கைப் பாராமலே தொலைபேசியில் இரண்டு கேள்வி கேட்டு மருந்து சொல்லிவிடுவோர் எம்முள்ளும் இருக்கின்றனர். தம் அறையிலேயே மருந்தை வைத்து, கடை விலைக்கு மேல் விற்போரும் இருக்கின்றனர். மாதந்தோறும் மருந்து தேவைப்படும் ஒரு முதிய நாயை வளர்ப்பவர், அதே மருந்து இணையத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது அதனை நாடுவது குற்றமாகாது. மருத்துவர் பார்த்து எழுதிய சீட்டு கையில் இருந்து, விற்பவர் உரிமம் பெற்றவராயும் இருந்து, மருந்தும் வெப்பத்தால் கெடாத வகையாயும் இருப்பின், அது வரும் வழியைப் பற்றி நான் வழக்காட மாட்டேன். தடுப்பூசி மருந்து மட்டும் வேறு. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் வண்டியில் உருண்டு வந்த குப்பிக்குள் இருப்பது மருந்தா, வெறும் நீரா என்பதை யாராலும் பார்த்துச் சொல்ல இயலாது.

சட்டம் என்ன சொல்கின்றது? 1940 ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளின்படி, விலங்குகளுக்கான மருந்தின் மேலுறையில் "மனிதர் உபயோகத்திற்கன்று, விலங்குச் சிகிச்சைக்கு மட்டும்" என்னும் பொருள்படும் சொற்களும், வீட்டு விலங்கொன்றின் தலை உருவமும் இருத்தல் வேண்டும். சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளும் பல. ஆனால் இவ்விதிகள் தெருமுனைக் கடையை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. இணையத்தில் மருந்து விற்பதற்குரிய வரைவு விதிகளை நடுவண் அரசு 2018 இல் வெளியிட்டது. அவ்வாண்டு டிசம்பரில், விதிகள் உறுதியாகும் வரை இவ்விற்பனை கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். சில நாட்களிலேயே இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. சட்டம் தயங்கி நிற்குமிடத்தில் வணிகம் தயங்கி நிற்பதில்லை.

ஒரு பூனையின் கதை ஒரு வீட்டோடு முடிந்துவிடும். மருத்துவர் பாராமல் விலங்குக்குள் சென்ற மருந்து ஒரு நாட்டின் வானத்தையே வெறிதாக்கிய கதையும் உண்டு. டைக்ளோஃபினாக் என்பது வலியும் வீக்கமும் தணிக்கும் மருந்து, விலை மலிவு. 1990களில் நம் நாட்டு மாடுகளுக்கு அது தாராளமாகப் போடப்பட்டது. அம்மருந்து உடலில் இருக்கும்போது இறந்த மாட்டைப் பிணந்தின்னிக் கழுகுகள் உண்டன. பழந்தமிழர் பாறு என்றழைத்த பறவை அது. மாட்டுக்குத் தீங்கு செய்யாத அந்தச் சிறு அளவு பாற்றின் சிறுநீரகத்தை அழித்துவிட, உடலுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் வெண்படலமாகப் படிந்து பறவை மடிந்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளுள் ஆயிரத்துக்கு ஒன்று என்னும் அளவே எஞ்சியது. காரணம் இம்மருந்தே என்பதைப் பாகிஸ்தானில் ஆராய்ந்த அறிஞர் குழுவினர் 2004 இல் உலகுக்கு அறிவித்தனர். 2006 இல் இந்திய அரசு இதனை விலங்குகளுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க முற்பட்டது. பாறுகளுக்குத் தீங்கிழைக்காத மெலாக்சிகாம் மாற்றாகக் கிடைத்தது.

தடை வந்தும் மருந்து நிற்கவில்லை. எவ்வாறெனின், மனிதருக்கென்று அதே மருந்து 30 மில்லி குப்பிகளில் கடைகளில் இருந்தது. மனிதனுக்கு ஒரு முறைக்கு வேண்டியது 3 மில்லிதான். 30 மில்லி மாட்டுக்கன்றோ பொருந்தும்! சீட்டுக் கேளாமல் கடைக்காரர் கொடுத்தார். மருத்துவரைக் கேளாமல் மாட்டுக்காரர் போட்டார். இறுதியில் 2015 இல், மனிதருக்கான குப்பி 3 மில்லிக்கு மேற்படலாகாது என்று அரசு ஆணையிட வேண்டியதாயிற்று. நீலகிரிச் சாரலில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் கூடுகட்டி வாழ்கின்றன. தமிழகத்தில் அவற்றுக்கு எஞ்சிய புகலிடம் அது.

பாற்றுக்கு நேர்ந்தது நமக்கு நேராதா என்று நீங்கள் வினவலாம். பாகூர், வில்லியனூர்ப் பக்கங்களில் கறவை மாடு வைத்திருப்போர் வீடுகளை எண்ணிப் பாருங்கள். மாட்டின் மடி வீங்கிவிடுகின்றது. பாலில் திரி விழுகின்றது. சென்ற முறை பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கேட்ட ஊசியையே வாங்கிப் போட்டுவிடுகின்றனர். வீக்கம் இரண்டு நாளில் வடிகின்றது. மூன்றாம் நாள் பால் கறந்து ஊற்றுகின்றனர். மருந்தோ இன்னும் பாலில் கரைந்து வந்துகொண்டே இருக்கின்றது. மருந்து நிறுத்திய பின் எத்தனை நாள் காத்திருத்தல் வேண்டும் என்பதை மேலுறையில் குறிக்க வேண்டும் என்று 2012 இல் விதி செய்யப்பட்டது. தனியே ஆராய்ந்து முடிவு காணாத மருந்தாயின், பாலுக்கும் முட்டைக்கும் 7 நாட்களுக்குக் குறையாமலும், இறைச்சிக்கு 28 நாட்களுக்குக் குறையாமலும் காத்திருத்தல் வேண்டும். மீனுக்குரிய கணக்கு விந்தையானது: 500 டிகிரி நாட்கள்! நீரின் வெப்பம் 25 டிகிரி என்றால் 20 நாட்கள் என்று வகுத்துக் கொள்க. இத்தனையும் குப்பியின்மேல் இருக்கும். ஆனால் ஏழு நாள் பாலைக் கீழே ஊற்று என்று ஓர் ஏழைக் குடும்பத்திடம் குப்பி எடுத்துரைக்குமா? மடியை அழுத்திப் பார்த்து, எந்தக் காம்பில் நோய், எந்த மருந்து, எத்தனை நாள் என்று கணக்கிட்டு, "இழப்பு இவ்வளவுதான், அஞ்ச வேண்டா" என்று சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். குருமாம்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனம் போன்றவை இத்தகைய ஆட்களை உருவாக்குவதற்கே இருக்கின்றன. எனினும் தொலைவு ஒரு தடைதான். நோயுற்ற மாட்டைப் பேருந்தில் ஏற்ற முடியாது. மருத்துவர் வரும் நாள் வரை நோயும் காத்திராது. கடைக்காரரையும் கைப்பேசியையும் நாடும் மக்களைக் கடிந்து பயனில்லை என்பதற்காகவே இதனைச் சொல்கிறேன்.

அந்தப் பூனையை மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டா. முதுகில் ஒட்டியிருந்த மருந்தை வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் துலக்கும் சோப்புநீரும் கொண்டு கழுவினோம். நடுக்கத்தைத் தணிக்க ஊசி போட்டோம். இரவு முழுவதும் அம்மாணவர் தரையில் அமர்ந்து அதன் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் தேர்வு இருப்பதாகச் சொன்னார்; எழுதினாரா என்று நான் கேட்கவில்லை. இரண்டாம் நாள் மாலையில் பூனை எழுந்து நின்று சிறிது பால் நக்கியது.

அதன் பின்னரே, முதலில் செய்திருக்க வேண்டிய செயலை நான் செய்தேன். விளக்கைப் பிடித்து அதன் காதினுள் பார்த்தேன். காப்பித்தூளைப் போன்ற கரிய அழுக்கு நிறைந்திருந்தது. காதுக்குள் வாழும் நுண்பூச்சியின் அடையாளம் அது. உடலில் எங்கு தேடியும் உண்ணி ஒன்றுகூட இல்லை. சொறிந்ததெல்லாம் காதின் தொல்லையால்தான். காதைத் துடைத்து, பூனைக்குரிய சொட்டு மருந்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அம்மாணவர் சீட்டைப் பலமுறை படித்தார். பிறகு தயங்கியவாறு, "ஐயா, இதை இணையத்தில் வாங்கலாமா?" என்று கேட்டார். "உரிமம் உள்ள இடமா என்று பார்த்து வாங்குங்கள். வந்ததும் குப்பியை என்னிடம் ஒருமுறை காட்டிவிட்டு ஊற்றுங்கள்" என்றேன். நான்காம் நாள் குப்பியோடும் கூடையோடும் வந்தார்.