காற்று ஆரல்வாய்மொழியில், உலை கும்மிடிப்பூண்டியில்: நடுவே கம்பி எங்கே?

(கும்மிடிப்பூண்டியில் வணிகர்கள், இளைஞர்கள் மத்தியில் ஆற்றிய உரை)



மின்சாரம் என்றதும் கட்டண உயர்வைப் பேசப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அதை என்னைவிட நீங்களே நன்றாகப் பேசுவீர்கள். நான் பேச வந்தது கம்பியைப் பற்றி.

2012ஐ இங்குள்ள வியாபாரிகள் மறந்திருக்க மாட்டீர்கள். உயரழுத்த இணைப்புள்ள தொழிற்சாலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு. போதாதென்று வாரம் ஒருநாள் மின் விடுமுறை. இரும்பு உருக்கும் உலையைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று சிப்காட்டில் வேலை செய்யும் தம்பிகளுக்குத் தெரியும். உருகியது உள்ளேயே இறுகிவிடும்.

அன்று நாட்டில் வேறெங்குமே மின்சாரம் இல்லையா? இருந்தது. சரக்கு இருந்தும் லாரி வரப் பாதை இல்லாத கதைதான். தென்மாநிலங்களின் மின்தொகுப்பு மற்ற பகுதிகளோடு முழுமையாக இணையாமல் தனித்து நின்றது. (அதே ஆண்டு ஜூலையில் வட இந்தியா இருளில் மூழ்கியபோது நாம் தப்பியதும் அதனால்தான், அது வேறு விஷயம்.) 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைந்தது. 2021இல் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நமது புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் பாதை திறக்கப்பட்டது.

இப்போது மாநிலத்துக்குள்ளே அதே கேள்வி எழுகிறது. காற்று வீசுவது ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும், அதுவும் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை. வெயில் மின்சாரம் கமுதியில். 2016இல் அங்கே 648 மெகாவாட் நிலையம் வந்தது. உலை எரிவதோ இங்கே. ஆரல்வாய்மொழிக்கும் நமக்கும் 700 கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு தூரத்தைச் சாதாரண அழுத்தத்தில் கடந்தால் வழியிலேயே வீணாகும். அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் அதே கம்பியில் இழப்பு நாலில் ஒன்றாகும். அதற்காகத்தான் 400, 765 கிலோவோல்ட் பாதைகள்.

கமுதி நிலையத்தைச் சில மாதங்களில் கட்டிவிட்டார்கள். கோபுரப் பாதைக்கோ நிலம் வாங்கி, வழக்கு முடிந்து, கம்பி இழுக்க ஆண்டுகள் ஆகும். ஆகவே நிலையம் வந்தபின் கம்பியைத் திட்டமிடுவது, கல்யாணத்தன்று பந்தலுக்கு மூங்கில் தேடுவதைப் போன்றது! உற்பத்தியை நிறுத்தச் சொன்னார்கள் என்று சூரிய மின் நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவர்களுக்கு இழப்பீடு தரச் சொன்னது. அந்தப் பணம் யார் தலையில் விழும்? நம் மின் கட்டணத்தில்தானே!

நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எண்ணூர் பழைய அனல் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஆனால் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரி எரிகிறது. சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிந்து மீனவர் பிழைப்பைக் கெடுக்கிறது. தெற்கிலிருந்து பாதை வராதவரை, இந்தப் புகைபோக்கிகளை நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த முடியாது. சூரியன் மறைந்த பிறகும் உலை ஓட வேண்டுமே என்பார்கள். நியாயமான கேள்வி, அதற்கு மின்கலச் சேமிப்பும் சேர்ந்தே வர வேண்டும்.

கம்பி வேண்டும் என்றால், அது போகும் நிலத்துக்காரனையும் மறக்கக்கூடாது. கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதமும், கம்பிக்குக் கீழுள்ள நிலத்துக்கு 30 சதவீதமும் தரலாம் என்று 2024 ஜூனில் மத்திய மின்துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. நம் மாவட்ட விவசாயி இதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

ஒழுங்குமுறை ஆணையம் கட்டண உயர்வுக்குக் கருத்துக் கேட்பு நடத்தும்போது வணிகர் சங்கங்கள் யூனிட் விலையை மட்டும் பேசிவிட்டுத் திரும்புகின்றன. அடுத்தமுறை இன்னொன்றையும் எழுதிக் கொடுங்கள்: தெற்கின் காற்று மின்சாரம் எந்த ஆண்டில், எந்தப் பாதையில் கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேரும்?