ஒரு நகரின் உரிமை

பிறர் வளர்த்த பெயரின் கீழ் உணவுச்சாலை நடத்துவது இக்கால வாணிபத்தில் பெரிதும் பரவியுள்ள முறையாகும். பெயரும் சமையல் முறையும் தாய்க் கம்பனியுடையவை. முதலும் உழைப்பும் கடைக்காரருடையவை. விற்பனையில் ஒரு பங்கு உரிமைக் கட்டணமாகக் கம்பனிக்குச் செல்லும். ஒரு கடைக்கு மட்டுமன்றி, ஒரு நகரம் முழுவதற்குமே இவ்வுரிமை வழங்கப்படுவதும் உண்டு. இதனை அபிவிருத்தி ஒப்பந்தம் என்பர்.

அவ்வொப்பந்தம் முறியுமாயின் விளைவு யாது? பாரிஸ் நகரின் வரலாறு விடை கூறும்.

1971ஆம் ஆண்டில் டயான் என்னும் வர்த்தகர், மக்டொனால்ட்ஸ் கம்பனியிடமிருந்து பாரிஸ் நகருக்குரிய தனியுரிமையை 30 ஆண்டுகளுக்குப் பெற்றார். அவர் செலுத்த வேண்டிய கட்டணம் விற்பனையில் நூற்றுக்கு 1 வீதமே. வழக்கமான வீதமோ 3. கடைகள் பெருகின, இலாபமும் பெருகியது. ஆனால், சோதனைக்கு வந்தோர் துப்புரவுக் குறைவையும் உணவுத் தரக் குறைவையும் கண்டனர். திருத்துவதற்கு அவகாசம் அளித்தும் குறைகள் நீங்கவில்லை எனக் கூறி, கம்பனி ஒப்பந்தத்தை முடிவுறுத்தியது.

வழக்கு அமெரிக்காவின் இல்லினோய் மாநில நீதிமன்றத்திற்குச் சென்றது. இலாபமிக்க நகரைக் குறைந்த கட்டணத்திற்கு விட்டதை எண்ணி வருந்திய கம்பனி, அதனை மீட்கவே குறை தேடியது என்று டயான் வாதிட்டார். அவ்வாதம் வெல்லவில்லை. முடிவுறுத்துவதற்குத் தக்க காரணம் உண்மையிலேயே இருக்குமாயின், உள்நோக்கம் யாதாயினும் அது செல்லும் என்பதே 1984ஆம் ஆண்டின் மேன்முறையீட்டுத் தீர்ப்பின் சாரம். மலிவாகப் பெற்ற உரிமையே மிக விழிப்போடு காக்கப்பட வேண்டியது என்பது இதனால் புலனாகும்.

இத்தகைய பத்திரங்களில் ஊன்றி நோக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கால அட்டவணை. இன்ன ஆண்டுக்குள் இத்தனை கடைகள் என்னும் கணக்குத் தவறுவதும் மீறலே. கட்டிட அனுமதி தாமதித்தது, வங்கி கடன் மறுத்தது என்னும் நியாயங்களுக்குப் பத்திரத்திலேயே இடம் வைத்திருத்தல் நன்று. இரண்டாவது, ஓர் ஒப்பந்தத்தில் நேரும் தவறு ஏனைய ஒப்பந்தங்களையும் வீழ்த்தும் பிணைப்பு நிபந்தனை. புதிய கடைகள் திறக்கும் உரிமையை இழப்பது வேறு. நன்கு நடக்கும் கடைகளை இழப்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்து எழுதுவித்தல் அறிவுடைமை. மூன்றாவது, குறையைத் திருத்தும் தவணை. அது எத்தனை நாள், எவ்வெத் தவறுக்கு உண்டு என்பது ஐயமின்றி எழுதப்பட வேண்டும்.

அழிவின் அளவைக் காட்ட மற்றுமோர் உதாரணம் உண்டு. 2017 ஓகஸ்ட் மாதத்தில் வட, கிழக்கு இந்தியாவில் இதே பெயரில் நடந்த 169 உணவுச்சாலைகளின் உரிமங்களைக் கம்பனி ஒருங்கே முடிவுறுத்துவதாக அறிவித்தது. கட்டணம் செலுத்தாமை அதன் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. இந்தியப் பங்காளி அதனை எதிர்த்து வழக்காடினார். 2019 மே மாதத்தில் அவருடைய பங்குகளைக் கம்பனி வாங்கிய பின்னரே பிணக்குத் தீர்ந்தது.

பெயர்ப்பலகை ஒரே நாளில் இறங்கிவிடும். கட்டிட வாடகையும் வங்கிக் கடனும், சொந்தப் பொறுப்பில் இட்ட பிணைக் கையெழுத்தும் அதனோடு இறங்குவதில்லை. ஆதலால், கடை திறக்கும் நாளை ஆராய்வோர், அது மூடப்படக்கூடிய நாளையும் கையெழுத்திடுமுன் ஆராய்வாராக.