கேரம் அறை பகலில் யாருக்கு?

ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியது

முதல் மாடி கேரம் அறையை, பகலில் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு அமைதி அறையாகக் கொடுக்கலாம் என்ற தீர்மானத்தை ஆதரித்துப் பேச வந்திருக்கிறேன். தினமும் அங்கே கேரம் ஆடுகிறவன் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"வீட்டில்தானே இருக்கிறார்கள், கொஞ்சம் சத்தம் கேட்டால் என்ன?" என்கிறார்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் பேங்கில் லெட்ஜர் கூட்டியவர்களைக் கேளுங்கள். முக்கால் பக்கம் மனதிலேயே கூட்டிக்கொண்டு வந்திருப்போம். "சார், பாஸ்புக்" என்று ஒரு குரல் வரும். அவருக்கு அரை நிமிட வேலை. நமக்கு மறுபடியும் முதல் வரியிலிருந்து. சாஃப்ட்வேர் எழுதுபவரும் பத்து விஷயங்களைத் தலைக்குள் தாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். நம் கண்ணுக்குச் சும்மா திரையைப் பார்ப்பதுபோல் தெரியும்.

அமெரிக்காவில் டாம் டிமார்கோ, டிமோதி லிஸ்டர் என்ற இருவர் 1984 முதல் 1986 வரை புரோகிராமர்களுக்குப் போட்டி நடத்தினார்கள். 92 கம்பெனிகள், 600 பேருக்கு மேல். அவரவர் ஆபீஸ் மேஜையிலேயே ஒரே வேலையைச் செய்ய வேண்டும். முன்னால் வந்த கால் பங்கினரில் 57 சதவீதம் பேர் தங்கள் இடம் போதுமான அமைதியாக இருக்கிறது என்றார்கள். கடைசிக் கால் பங்கில் அப்படிச் சொன்னவர்கள் 29 சதவீதம். தேவையில்லாத குறுக்கீடு அடிக்கடி உண்டு என்றவர்கள் முன்னால் 38, கடைசியில் 76. கெட்டிக்காரர்களுக்கு நல்ல இடம் கிடைத்ததா, நல்ல இடம் அவர்களைக் கெட்டிக்காரர் ஆக்கியதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கடைசிக் கால் பங்கினரின் இடத்தில் நம் பிள்ளைகளை உட்கார வைப்பானேன்?

சி பிளாக்கில் ஒரு பெண், அவர் சம்மதத்தோடு சொல்கிறேன், மேல் வீட்டில் டைல்ஸ் உடைத்த மூன்று வாரமும் பேஸ்மென்ட்டில் காருக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தார். மே மாதத்தில்.

செலவு பெரிதில்லை. நான்கு மேஜை, கதவு இடுக்குக்கு ரப்பர் பட்டை. போன், மீட்டிங் எல்லாம் வெளியே வராந்தாவில். இதில் கண்டிப்பு வேண்டும், இல்லாவிட்டால் அது இன்னொரு சந்தைக்கடை. மாலை 6 மணிக்கு மேல் கேரம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டா என்று ஒருவர் கேட்டார். மெயின்டனன்ஸ் அவர்களும்தானே கட்டுகிறார்கள்? செயலாளர் இதை வாக்கெடுப்புக்கு விடலாம்.