நாலில் ஒன்று



உயர்தர வகுப்பில் பிறப்புரிமையியல் படித்த காலத்தில் நாங்கள் கரும்பலகையில் நாலு கட்டம் கீறாத நாளில்லை. மெண்டலின் பட்டாணிக் கணக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது: உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. மூன்றுக்கு ஒன்று. அந்த நாலாவது கட்டத்துக்குள் ஒரு பிள்ளை இருக்கக்கூடும் என்று எங்களில் ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் மகனுக்கு ஒன்றரை வயதில் தலசீமியா என்று கண்டுபிடித்தார்கள். மாதம் தவறாமல் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் இரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படியாதிருக்க மருந்தும் வேண்டும். தோலின் கீழ் ஊசி குத்தி, இரவிரவாகச் சிறு பம்பினால் அதைச் செலுத்திவிட்டு, விடிய வேலைக்குப் போனவள் அவள். இதற்கிடையில் புகுந்த வீட்டார் கேட்டது: “உங்கட பக்கத்தில ஆருக்கு இந்த வருத்தம்?”

ஆருக்கும் இல்லை. இரண்டு பக்கத்திலும் இல்லை. பின்னிடைவான இயல்பு அப்படித்தான் ஒளிந்திருந்து வரும். ஈமோகுளோபினுக்குரிய அந்தப் பரம்பரை அலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. ஒன்று மட்டும் பழுதென்றால் அந்த ஆள் காவி, சுகமாகவே நடமாடுவார். இரண்டும் பழுதானால்தான் இந்தக் கடும் வருத்தம். தாய் மட்டும் கொடுத்து இது வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எங்களை இன்றும் உறுத்துவது அதுதான். “நாலில் ஒன்றுக்குத்தானே, அது வந்துவிட்டது, இனிப் பயமில்லை” என்று சொந்தக்காரர் அவளுக்கு ஆறுதல் சொன்னபோது, உயிரியல் படித்த நாங்களும் தலையாட்டினோம். இரண்டாவது மகளுக்கும் அதே வருத்தம்.

நாலு கட்டம் நாலு பிள்ளைகளுக்குப் பங்குபோட்டது அல்ல. ஒவ்வொரு கருவுக்கும் கட்டம் புதிதாகக் கீறப்படுகிறது. முன்னர் என்ன விழுந்தது என்று தாயக்கட்டைக்குத் தெரியாது. மெண்டல்கூட 7,324 விதைகளை எண்ணித்தான் மூன்றுக்கு ஒன்று கண்டார். ஒரே நெற்றை உரித்திருந்தால் எல்லாமே சுருங்கியதாகவும் இருந்திருக்கலாம்.

எங்கள் பிள்ளைகளுக்கு இப்போது சாதகம் பார்க்கும் வயது. அந்தக் கோவைக்குள் முழு இரத்தக் கணிப்பு அறிக்கை ஒன்றையும் வையுங்கள். சிவப்பணுக்கள் சிறுத்திருந்தால் அது இரும்புக் குறைபாடாகவும் இருக்கலாம், காவியாகவும் இருக்கலாம். ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் அடுத்த பரிசோதனை அதைச் சொல்லும். குருநாகல் வைத்தியசாலையில் இதற்கென்றே தேசிய நிலையம் இயங்குகிறது. காவி என்று தெரிந்தால் கல்யாணம் குழம்ப வேண்டியதில்லை. மற்றவர் காவி இல்லையென்றால் பிள்ளைக்கு அந்த வருத்தம் வராது.

இதைப் பேசச் சொன்னவள் எங்கள் அந்தத் தோழிதான். முன்வரிசையில் இருக்கிறாள். ஊசிக்குப் பயந்த மாப்பிள்ளைமாரைத் தன்னிடம் அனுப்பட்டாம், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பாளாம்.