குடும்பப் படம்: ஸ்டூடியோவிலா, விழிஞ்ஞம் கரையிலா?

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அடியேன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய இரயில்வே எழுத்தன். ஓய்வூதியத் தாள்களைச் சரிபார்ப்பது என் அலுவல். ஓய்வு பெறுவோர் மனைவியோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தைத் தாளுடன் இணைத்தல் வேண்டும் என்பது விதி. முப்பத்தைந்து ஆண்டு இல்லறம் நடத்தியவர்கள் அந்தப் படத்திற்காகத்தான் முதன்முறையாக அருகருகே அமர்ந்தோம் என்று நாணத்தோடு கூறுவதைப் பன்முறை கேட்டிருக்கிறேன். ஆகவே இன்று படங்களைப் பற்றியே பேசத் துணிந்தேன்.

எங்கள் வீட்டில் அத்தகைய படம் கிடையாது. தந்தையார் பணியிலிருக்கும்போதே 2002-இல் காலமானார். சுவரில் மாட்டப் படம் தேடினோம். 1989-இல் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படம் ஒன்றுதான் முகம் தெளிவாக இருந்தது. மூலச்சுருள் கேட்டுப் போனேன். பழையனவற்றையெல்லாம் எறிந்துவிட்டோம் என்றார்கள். கையிலிருந்த பிரதியிலிருந்தே தந்தையாரை மட்டும் பிரித்துப் பெரிதாக்கினோம். அதில் அவர் கறுப்புக் கோட்டு அணிந்திருக்கிறார். அந்தக் கோட்டு ஸ்டூடியோவுக்குச் சொந்தம். காக்கிச் சட்டையன்றி அவர் வேறு உடுத்து நான் பார்த்ததில்லை. "யாரோ வக்கீல் மாதிரி இருக்கிறார்" என்று என் அன்னையார் இன்றும் சொல்வதுண்டு.

ஸ்டூடியோவைக் குறை கூற வரவில்லை. 1839-இல் பாரிசில் தாகேர் என்பாரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட காலத்தில், ஒரு படத்திற்குப் பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். பின்னர் வந்த ஸ்டூடியோக்களிலும் தலை ஆடாதிருக்க இரும்புத் தாங்கி வைத்தார்கள். கண்ணாடிக் கூரை வழியே வெயில் படாத மென்மையான ஒளியை இறக்கினார்கள். வேடிக்கை என்னவெனில், மனிதரை வெளியிலிருந்து உள்ளே அழைத்தவர்கள், வெளியைத் திரையில் எழுதி அவர் பின்னாலே தொங்கவிட்டார்கள்! தடாகம், பூந்தோட்டம், பளிங்குப் படிக்கட்டு. இக்காலத்தில் கணிப்பொறியில் சுவிட்சர்லாந்துப் பனிமலையை ஒட்டிவிடுகிறார்கள். வேட்டி கட்டிய பெரியவர் அதன்முன் வியர்த்து நிற்கிறார். இருப்பினும் அப்பழைய படங்கள் அற்பமல்ல. தமிழகத்து ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தேடித் திரட்டிக் காத்திருக்கின்றனர்.

இனி விழிஞ்ஞத்திற்கு வருவோம். நம் குடியிருப்பினர் ஞாயிறுதோறும் மீன் வாங்கச் செல்லும் அக்கரை, ஆய் மன்னர்களின் துறைமுகமாயிருந்த இடம். எட்டாம் நூற்றாண்டுக் குடைவரை ஒன்று அங்கே இருக்கிறது. புறச்சுவரில் சிவனும் உமையும் பாதி செதுக்கிய நிலையிலேயே நிற்கின்றனர். 1994-இல் என் தாய்மாமன் ஒரு சிறு காமிராவோடு வந்திருந்தபோது தந்தையாரை அக்கரையில் நிறுத்திப் படமெடுத்தார். மாலை நேரம், சூரியன் கடலில் இறங்குகிறது, காமிராவோ கடலை நோக்கி! விளைவு என்ன? முகம் முழுதும் கரி. 1972-இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம் மட்டும் பின்னால் தெளிவாக நிற்கிறது. தோளில் துண்டு, இடுப்பில் ஒரு கை, மறுகையில் மீன் பை. முகமே தெரியாத அந்தப் படத்தைத்தான் அன்னையார் தம் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

ஆதலால் கரையில் படமெடுக்க விரும்புவோர் மாலையை விட்டுக் காலையில் செல்லுங்கள். நம் கடல் மேற்கே. காலை ஒளி நிலப்பக்கமிருந்து வரும். கடலுக்கு முதுகு காட்டி நின்றால் முகத்தில் வெளிச்சம் விழும். எட்டு மணிக்குள் முடித்துவிடுதல் நலம். வெயில் ஏறினால் கண் கூசும், கண்ணுக்கடியில் நிழல் விழும். தென்னை நிழலை நம்பாதீர்கள். ஓலை இடுக்கு வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்து, அம்மை கண்டவர்போலத் தோன்றச் செய்யும். இலேசான மேகமூட்டம் கிடைத்தால் அதைவிடப் பேறில்லை. உப்புக்காற்று காமிராக் கண்ணாடியில் படியும். மெல்லிய துணியொன்று வேண்டும். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் பேசாமல் ஸ்டூடியோவுக்கே போய்விடுங்கள்.

இவ்வாண்டு எங்கள் வீட்டிலும் இந்த வழக்கு வந்தது. பிள்ளைகளுக்குக் கரை வேண்டும். அன்னையாருக்கு வயது எழுபத்து நான்கு. மணலில் நடக்கக் கால் ஒத்துழையாது. நான் ஸ்டூடியோ என்றேன். அவரோ, "கரைக்கே போவோம், ராசா" என்றார். மீன்பிடித் துறையருகே தரை கெட்டியாக உள்ள இடத்தில், தேநீர்க் கடைக்காரரிடம் நாற்காலி வாங்கிப் போட்டு அமர்த்தினோம். படத்தின் ஓரத்தில், 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட துறைமுகத்தின் பளுதூக்கிகள் விழுந்துவிட்டன. பெயர்த்தி அவற்றை நீக்கித் தருவதாகச் சொன்னாள். நான் மறுத்துவிட்டேன். தந்தையார் படத்தில் அவை இல்லை, இதில் உள்ளன. ஆண்டு எழுதிவைக்க மறந்தாலும் காலம் விளங்கும்.

திரும்பும் வழியில் ஸ்டூடியோ ஒன்றின்முன் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார் அன்னையார். தமக்கு மட்டும் ஒரு படம், பின்னால் ஒன்றும் வேண்டாம், வெறுஞ்சுவர் போதும் என்றார். எதற்கென்று கேட்டேன். "அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவதற்கு, அதே அளவில்" என்றார். ஸ்டூடியோக்காரர் நல்ல புடவை ஒன்று எடுத்துத் தரட்டுமா என்றார். வேண்டாமென்று, கரைமணல் ஒட்டிய அதே கைத்தறிப் புடவையோடு அமர்ந்துகொண்டார்.