கயிறு பிடிப்பவர் யார்?

(அரிப்பில் நடைபெற்ற எமது சங்கக் கூட்டத்திற் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



திறந்த மூல மென்பொருட் பணியிற் புதியவர் ஒருவர் பங்கு கொள்வதற்கு வழி யாது என்பது பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்துள்ளீர்கள். இஃது எமக்கு எட்டாத பொருள் என்று பெரியோர் சிலர் எண்ணியிருத்தல் கூடும். ஆதலின் எல்லோரும் அறிந்த இந்த அரிப்புக் கரையிலிருந்தே பேச்சைத் தொடங்குகின்றோம்.

இக்கரைக்கு எதிரேயுள்ள கடலிலேதான் ஒரு காலத்தில் உலகப் புகழ்பெற்ற முத்துக் குளிப்பு நடைபெற்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத் தேசாதிபதி நோர்த் கட்டுவித்த மாளிகையின் இடிபாடுகள் அதற்குச் சாட்சியாக இன்றும் நிற்கின்றன. குளிப்பவன் கல்லின் பாரத்தோடு கடலடிக்குச் செல்வான். அவன் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கும் வேளையில், தோணியில் ஒருவன் கயிற்றைக் கையிற் பிடித்தபடி நிற்பான். கீழிருந்து கயிறு அசைந்ததும் இழுத்து மேலேற்றுவான். குளித்தவனையே எல்லோரும் புகழ்வர்; ஆயினும் கயிறு பிடித்தவன் கண்ணயர்ந்தாற் குளித்தவன் கதி என்னவாகும்? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேட்குமாறு வேண்டுகின்றோம்.

திறந்த மூல மென்பொருள் என்பது யாது? நமது ஊர்ப் பரியாரியார் சிலர் மருந்தின் செய்முறையைத் தம் மக்களுக்குக்கூடச் சொல்லாது மறைத்ததைக் கேள்விப்பட்டிருக்கின்றோம். கணினி மென்பொருளிலும் இத்தகைய மறைப்பு உண்டு. அவ்வாறு மறைக்காது, மூல நிரலை யாவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை கொடுத்து வெளியிடப்படுவதே திறந்த மூல மென்பொருள். 1991ஆம் ஆண்டிலே, பின்லாந்து தேசத்தில் 21 வயது மாணவராயிருந்த லினஸ் டோவால்ட்ஸ் தாம் எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்னும் மென்பொருளை உலகினர் பார்வைக்கு வைத்தார். முகமறியாத பல்லாயிரவர் அதனைத் திருத்தி வளர்த்தனர். இன்று எம் கையிலுள்ள அன்ரொயிட் தொலைபேசிகளின் உள்ளே இயங்குவதும் அந்த லினக்ஸின் கருவே.

இஃது அயல்நாட்டார்க்கே உரிய காரியம் என்று எண்ணவேண்டாம். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எமது தீவின் கரைகளைத் தாக்கி 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. காணாமற் போனவர் யார், எந்த முகாமிற்கு எது தேவை என்று பதிவுசெய்ய வழியின்றித் தவித்தபோது, இலங்கைக் கணினித் தொண்டர்கள் ஒன்றுகூடிச் சில நாட்களுக்குள் ஒரு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினர். சிங்களத்தில் நிவாரணம் என்னும் பொருள்பட அதற்குச் 'சஹானா' எனப் பெயரிட்டனர். மூல நிரலை மறைக்காது வெளியிட்டமையால், 2005இற் பாகிஸ்தானிலும் 2010இல் எயிற்றியிலும் பூமியதிர்ச்சி நேர்ந்தபோது அங்கும் அது பயன்பட்டது. எமது தீவின் துயரத்திற் பிறந்த கருவி, பிறர் துயரத்திற்கும் உதவிற்று.

'நிரல் எழுதத் தெரிந்தவர்க்கல்லவா இது?' என்று கேட்பீர்கள். அன்று. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை நோக்குங்கள். அதற்கு அடித்தளமிட்டவர்களில் முதன்மையானவரான யாழ்ப்பாணத்து இ. மயூரநாதன் அவர்கள் தொழிலாற் கட்டடக் கலைஞர். ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தாமே எழுதினார். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகமும் திறந்த மூல மென்பொருளின் மீதே நிற்கின்றது. எம்முடையது போன்ற சங்க மலர்கள் எத்தனையோ, தொண்டர்கள் பக்கம் பக்கமாகப் படம்பிடித்தமையால் அங்கே அழியாது கிடக்கின்றன. அப்பர் பெருமான் கையில் இருந்தது உழவாரம். புல்லைச் செதுக்குவதும் திருப்பணியே என்று காட்டியவர் அவர். அவ்வாறே பிழை திருத்துவதும், மொழிபெயர்ப்பதும், குறை கண்ட இடத்தை எடுத்துரைப்பதும் மென்பொருட் பணியே.

வாசல் திறந்திருக்கின்றது, பணியும் இருக்கின்றது. அங்ஙனமாயின் வாலிபர் ஏன் உள்ளே செல்வதில்லை? எமது அனுபவத்தையே சொல்லுகின்றோம். பல்கலைக்கழகத்திற் புகுந்த முதலாண்டில் நாமும் நண்பர் ஒருவரும் ஒரு மென்பொருளின் தமிழ்த் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 'சேமி' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'செமி' என்றிருந்தது. ஒரு கொம்பு மாறியதாற் கணினிக்கு வயிறு முளைத்துவிட்டதே என்று சிரித்தோம். உடனே அதனைத் திருத்தினோம். அத்தோடு நின்றிருக்கலாம். எமக்குப் பிடிக்காத வேறு இருபது சொற்களையும் மாற்றி, எல்லாவற்றையும் ஒரே கட்டாக, காரணம் ஒன்றும் கூறாது அனுப்பிவைத்தோம். மூன்று மாதம் பதில் இல்லை. எம்மைச் சிறியர் என்று புறக்கணித்தார்கள் என்றெண்ணி மனங் கசந்தோம்.

பின்னர் மூத்த மாணவர் ஒருவர் அதனைப் பார்த்து, "தம்பி, இருபத்தொரு மாற்றத்தை ஒன்றாய் அனுப்பினால் அவற்றைச் சரிபார்க்க எவருக்கு நேரம்? அந்த ஒரு சொல்லை மட்டும் தனியாக அனுப்பும், ஏன் பிழை என்பதை இரண்டு வரியில் எழுதும்" என்றார். அவ்வாறே செய்தோம். மறுநாளே ஏற்றுக்கொண்டு நன்றியும் எழுதியிருந்தனர். ஆனால் எம்முடன் தொடங்கிய அந்த நண்பர் அதற்கு முன்னரே சலித்து விலகிவிட்டார். எம்மிலும் கூரிய அறிவுடையவர் அவர். பின்பு எவ்வளவோ அழைத்தும் அவர் திரும்பவில்லை. அவருடைய கயிற்றை உரிய நேரத்திற் பிடிக்க ஒருவரும் இல்லாமற் போயினர். எமது வெற்றியைவிட அவருடைய இழப்பே இன்றும் எம் மனத்தை உறுத்துகின்றது.

கயிறு பிடிப்பவர் இருந்தால் யாது நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2005இற் கூகிள் நிறுவனம் ஒரு கோடைகாலத் திட்டத்தைத் தொடங்கிற்று. திறந்த மூலப் பணியிற் சேரும் ஒவ்வொரு மாணவர்க்கும் அனுபவசாலியான வழிகாட்டி ஒருவரை நியமிப்பதே அதன் முறை. அன்று பங்குபற்றிய மாணவர் பலர் பின்னர் தாமே வழிகாட்டிகள் ஆயினர். முதற் பத்தாண்டுகளில் இத்திட்டத்தில் உலகிலேயே மிகுதியான மாணவரைச் சேர்த்த பல்கலைக்கழகம் எது தெரியுமா? எமது நாட்டின் மொரட்டுவைப் பல்கலைக்கழகமே! திறமை எங்கும் உண்டு. அதற்குத் துணை நின்ற ஒழுங்கே அப்பெருமையைத் தந்தது என்பது எமது துணிபு.

இனி, புதிதாகத் தொடங்கும் தம்பி தங்கையர்க்குச் சில வார்த்தைகள். முதலாவது, நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருளையே தெரிந்துகொள்ளுங்கள். அதன் குறை உங்களுக்குத்தான் முதலில் தெரியும். இரண்டாவது, பங்களிப்போர்க்கென எழுதிவைத்துள்ள வழிகாட்டியை முற்றாக வாசியுங்கள். புதியவர்க்கு ஏற்ற பணிகளைப் பல திட்டத்தார் தனியே அடையாளமிட்டு வைத்திருப்பர். மூன்றாவது, பிழையொன்றை அறிவிக்கும்போது, எந்தப் பதிப்பு, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்ற நான்கையும் எழுதுங்கள். நான்காவது, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் அனுப்புங்கள். பதில் வராவிடில் சில நாட் பொறுத்து, பணிவாக மீண்டும் கேளுங்கள். திட்டத்தைப் பேணுவோரிற் பலர் சம்பளமின்றி இரவில் வேலை செய்பவர்கள்.

பெயருக்காகவும் பரிசுக்காகவும் மட்டும் இறங்கவேண்டாம். 2020 ஒக்டோபரில், நான்கு பங்களிப்புச் செய்தவர்க்கு ஒரு சட்டை பரிசு என்று ஒரு போட்டி நடந்தது. சட்டையை விரும்பிய பலர் தேவையற்ற சொற்களைச் சேர்த்து அனுப்பிக் குவிக்க, பேணுவோர் திணறிப்போயினர். போட்டியின் விதியையே நடுவில் மாற்ற நேர்ந்தது. கோயில் வீதியைக் கூட்டுவதாகச் சொல்லிக் குப்பை கொட்டிய கதை அது.

பெரியோர்களே, உங்களுக்கும் இதிற் பங்குண்டு. 2004இற் தொடங்கிய ஓப்பின்ஸ்ட்ரீட்மப் என்னும் உலகப் படத்தை எவரும் திருத்தலாம். எமது குளங்கள், ஒழுங்கைகள், கோயில்கள், கரைவலைப் பாடுகள் ஆகியவற்றின் சரியான பெயர்களை அறிந்தவர்கள் நீங்களே. நீங்கள் சொன்னால் இளைஞர் பதிவுசெய்வர். சொல்லாது விட்டால் அப்பெயர்கள் உங்களோடு போய்விடும். பின்னர் தொலைவிலிருந்து எவரோ எழுதும் பிழையான பெயரே எமது பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயராகும்.

மிஷன் பாடசாலையிற் கற்ற எமக்கு ஆங்கில வழிகாட்டிகளை வாசிப்பது கடினமாயிருக்கவில்லை. அவ்வசதி எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆதலின் அவற்றைத் தமிழில் எழுதித் தருவதை எமது கடனாக ஏற்கின்றோம். சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம்: மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். கணினி இல்லாதவர் கைத்தொலைபேசியோடு வரட்டும். வரும் ஒவ்வொரு புதியவர்க்கும் பழகியவர் ஒருவரைத் துணையாக்குங்கள். அவருடைய முதற் பணி ஏற்கப்படும்வரை அத்துணைவர் அகலாதிருக்கட்டும். இதற்கு வேண்டுவது பணமன்று, பொறுமையே.

எம்மைவிட்டு விலகிய அந்த நண்பரை எம்மால் மீட்க முடியவில்லை. அடுத்து வருபவரை இழவாதிருத்தல் எமது கையில் இருக்கின்றது. கடலில் இறங்க இளைஞர் ஆயத்தம். கயிறு பிடிப்பவர் யார்? முதலில் நாமே கைநீட்டுகின்றோம், நீங்களும் வாருங்கள்.