பாதாம் பூக்கும் மார்ச்

மார்ச் பிறந்தால் நம் வீடுகளில் மின்விசிறியில் படிந்த தூசியைத் துடைப்போம், புது மண்பானை வாங்குவோம், வடாம் பிழிய நாள் பார்ப்போம். அதே மார்ச்சில் ஸ்ரீநகர்க்காரர்கள் மெத்தையையும் கம்பளியையும் முற்றத்தில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பார்கள். வெயிலுக்குப் பயந்து நாம் உள்ளே போகிற நேரம், அவர்கள் வெளியே வருகிற நேரம். அந்த ஊர் வசந்தத்தை இன்று குடும்பத்தோடு ஒரு சுற்றுப் பார்த்து வருவோம்.

ஸ்ரீநகர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,585 மீட்டர் உயரத்தில், ஜீலம் நதியின் இரு கரையிலும் இருக்கிற ஊர். அங்கே குளிர்காலத்துக்கு மூன்று பிள்ளைகள். டிசம்பர் 21-இல் வருகிற மூத்தவன் சில்லை கலான், 40 நாள் தங்கி தால் ஏரியின் ஓரத்தையே உறைய வைத்துவிடுவான். அடுத்தவன் சில்லை குர்து, 20 நாள். கடைக்குட்டி சில்லை பச்சாவுக்கு 10 நாள்தான், ஆனால் கடைக்குட்டிக்கே உரிய பிடிவாதம் உண்டு. அவன் காலம் முடிந்த பிறகும் மார்ச்சில் திடீரென்று மழையோ பனியோ கொட்டும். பகலில் 15 டிகிரி வரை ஏறி, இரவில் நாலைந்து டிகிரிக்கு இறங்கிவிடும்.

அதனால் ஊர்க்காரர்கள் காலண்டரை நம்பிக் கம்பளியைக் கழற்றுவதில்லை. ஃபெரன் என்கிற தொளதொள அங்கி, அதற்குள்ளே காங்க்ரி. மெல்லிய குச்சிகளால் பின்னிய கூடை, கூடைக்குள் ஒரு மண்சட்டி, சட்டியில் கரித்தணல்: காங்க்ரி அவ்வளவுதான். இரண்டு கையும் அங்கிக்குள் சட்டியைப் பிடித்திருப்பதால் சட்டைக் கைகள் காலியாகத் தொங்கும். தெருவில் எத்தனை பேருடைய சட்டைக் கை நிரம்பியிருக்கிறது என்று பார்த்தாலே போதும், வசந்தம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வெளியூர்க்காரர்கள் முதலில் ஓடுவது ட்யூலிப் தோட்டத்துக்கு. குடும்பத்தோடு போயிருந்த நாங்களும் ஓடினோம். ஜபர்வான் மலையடிவாரத்தில், தால் ஏரியைப் பார்த்தபடி, படிப்படியாக இறங்கும் சுமார் 30 ஹெக்டேர் தோட்டம். 2007-இல் திறந்தார்கள். முந்தின நவம்பரிலேயே கிழங்குகளை நட்டுவிடுவார்கள். பனிக்கடியில் அவை தூங்கி எழ வேண்டும். முந்திப் பூப்பது, நடுவில் பூப்பது, பிந்திப் பூப்பது என்று வகை பிரித்து நடுவதால் மார்ச் கடைசியிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம் பூ நிற்கும். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட கிழங்குகள். சிவப்பு ஒரு வரிசை, மஞ்சள் ஒரு வரிசை, கறுப்போ என்று சந்தேகப்படும்படி கருஞ்சிவப்பு ஒரு வரிசை.

என் மகள் செல்பேசியை எடுத்தாள். என் மனைவி, "வெயிலுக்கு எதிரா நிக்காதேடி" என்றாள். என் மாமியார் மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு யோசனையில் இருந்தார்.

"இத்தனை பூவையும் என்ன மாப்பிள்ளை பண்ணுவாங்க?"

"பார்க்கத்தான் அத்தை."

"சாமிக்கும் போடலை, தலையிலயும் வைக்கலை. வெறும் பார்க்கறதுக்கா?"

முழம் பூ விலையை வாசலில் நின்று பேரம் பேசியே வளர்ந்தவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

பதில் ஊருக்குள்ளே இருந்தது. பழைய ஸ்ரீநகரில் ஹரி பர்பத் என்று ஒரு குன்று. உச்சியில் கோட்டை, சரிவில் சாரிகா தேவி கோயில், மக்தூம் சாஹிப் தர்கா, அருகிலேயே ஒரு குருத்வாரா. அதன் அடிவாரத்தில்தான் பாதாம்வாரி, பாதாம் மரத்தோப்பு. பல வருடம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2008-இல் சீரமைத்துத் திறந்தார்கள். காஷ்மீரின் பழமரங்களில் முந்திக்கொண்டு பூப்பது பாதாம். மார்ச் நடுவில், இலை ஒன்றுகூடத் தளிர்க்காத கரிய கிளைகளில் வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூ அப்பிக்கொள்ளும். இரண்டு வாரம் தாங்கினால் அதிகம். நடுவில் ஒரு பெருமழை வந்தால் அதுவும் இல்லை.

ட்யூலிப் தோட்டத்தில் காமிராக்கள் அதிகம். இங்கே பாய்களும் பாத்திரங்களும் அதிகம். உள்ளூர்க் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக வந்து விரிப்பைப் போட்டு உட்கார்ந்துவிடுகின்றன. எங்களுக்குப் பக்கத்து விரிப்பில் ஒரு பாட்டி சமோவாரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். செம்பில் செய்த குடம் அது. நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய். குழாய்க்குள் தணல், அதைச் சுற்றித் தேநீர். பேரன் ஊதுகிறேன் என்று ஊத, சாம்பல் தாத்தாவின் தொப்பியில் போய் விழுந்தது. தாத்தா கத்தினார். பாட்டி திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் காங்க்ரியிலிருந்து இரண்டு கங்கு எடுத்துக் குழாயில் போட்டார். மொழி தெரியாவிட்டால் என்ன, அந்த வீட்டில் யார் சொல்வது செல்லும் என்று எங்களுக்கு விளங்கிவிட்டது.

எங்களுக்கும் ஆளுக்கொரு கிண்ணம் வந்தது. நூன் சாய்: பச்சைத் தேயிலையைச் சமையல் சோடாவோடு நெடுநேரம் கொதிக்கவைத்து, பாலும் உப்பும் சேர்த்த ரோஜா நிறத் தேநீர். தொட்டுக்கொள்ள எள் தூவிய சின்ன வட்ட ரொட்டி. உப்புப் போட்ட டீயா என்று மகள் முகம் சுளித்தாள். மாமியாரோ நீர்மோர் குடிக்கிற தோரணையில் குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டார். பிறகு அண்ணாந்து மரத்தைப் பார்த்தார்.

"இது காய்க்கும் இல்ல?"

ஆகஸ்ட், செப்டம்பரில் பறிப்பார்கள் என்றேன். "அப்போ சரி" என்று தோட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்.

அவருக்கும் அந்தப் பாட்டிக்கும் பேச விஷயம் இருந்திருக்கும். பனியில் ஜம்மு நெடுஞ்சாலை அடைபட்டால் காய்கறி வராது என்பதால், காஷ்மீர வீடுகளில் கோடையிலேயே கத்தரி, தக்காளி, சுரைக்காய், டர்னிப் எல்லாம் அரிந்து கோத்து வத்தல் போட்டுவிடுவார்கள். மார்ச்சில் அந்த வத்தல் பானை அடி தட்டும். தோட்டத்தில் புதுக்கீரை தலைகாட்டும். மஞ்சள் பூப்பூக்கும் டான்டெலியன் செடியின் இளங்கீரைக்கு அங்கே ஹந்த் என்று பெயர். பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கிப்போடுகிற கீரை அது. எந்த ஊர் மாமியாரும் கேட்டுக் குறித்துக்கொள்கிற சமாசாரம்.

காஷ்மீர பண்டிதர்களின் புத்தாண்டான நவ்ரேவும் இந்தப் பருவத்தில்தான், நம் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் யுகாதி கொண்டாடும் அதே நாளில். முந்தின இரவே தட்டில் அரிசி, அக்ரூட், தயிர், உப்பு, பேனா, நாணயம், கண்ணாடி, பஞ்சாங்கம், கூடவே வசம்பும் வைத்துவிட்டு, விடிந்ததும் அதில்தான் கண் விழிக்க வேண்டும். சித்திரை முதல் நாள் கனி காணும் வீடுகளுக்குப் புரியும்: தூங்குகிற பிள்ளையை எழுப்பி, கண்ணைப் பொத்தித் தட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிற பாடு அங்கேயும் அம்மாவுக்குத்தான். 1990-க்குப் பிறகு பெரும்பாலான பண்டிதக் குடும்பங்கள் ஜம்மு, டெல்லி என்று பிரிந்துபோயின. அந்தந்த ஊரில் தட்டு வைக்கிறார்கள். சிலர் அன்று ஹரி பர்பத்துக்கே வந்து கும்பிட்டுப் போகிறார்கள்.

போக நினைக்கும் நேயர்களுக்கு ஒரு யோசனை. பாதாம் பூ வேண்டுமென்றால் மார்ச் நடு, ட்யூலிப் வேண்டுமென்றால் ஏப்ரல் முதல் வாரம். இரண்டும் ஒரே பயணத்தில் சேருவது மழையின் தயவு. குடையும் ஸ்வெட்டரும் கட்டாயம். பாதாம்வாரிக்குப் போனால் வாசலில் தாமரைத்தண்டு பஜ்ஜி சூடாகக் கிடைக்கும், விட்டுவிடாதீர்கள். முக்கியமாக, எந்தப் பூவுக்குப் போவது என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே வீட்டில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ட்யூலிப்புக்கு இரண்டு ஓட்டு, பாதாமுக்கு ஒரு ஓட்டு. அந்த ஒரு ஓட்டு மாமியாருடையது என்பதால் முடிவு என்ன என்று உங்களுக்கே தெரியும்.